அண்ணன் என்றால் யார்?

ஒரே ஒரு சொல்லை அவசரத்தில் மொழிபெயர்த்து, ஒரு குடும்பத்தின் தஞ்சக் கோரிக்கை தள்ளுபடியாகக் காரணமானவன் நான். அகதிகளோடு பல வருடமாக வேலை செய்கிறேன் என்று யாராவது ஆரம்பித்தால், அவர் செய்த நல்லதைக் கேட்பதற்கு முன்னால் கெடுத்தது என்ன என்று கேட்டுவிடுவது என் வழக்கம். ஆகவே என்னுடையதை முதலில் வைத்துவிடுகிறேன்.

அவர் இலங்கைத் தமிழர். மனைவி, இரண்டு பிள்ளைகள். குடிபெயர்ந்தவர்களுக்கும் அகதிகளுக்குமென்று கத்தோலிக்கத் துறவறத்தார் நடத்தும் ஓர் இல்லத்தில் தங்கியிருந்தார்கள். சனிக்கிழமைகளில் அங்கே போய், தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் உட்காருவது என் வேலை. சம்பளம் கிடையாது. பயிற்சியும் கிடையாது. இரண்டு மொழி தெரிந்தால் மொழிபெயர்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

அன்றைக்கு ஒரு வக்கீல், அவரும் சம்பளமில்லாமல் வருகிறவர்தான், வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருந்தார். "முதல்ல எங்கட அண்ணாவைத்தான் பிடிச்சுக்கொண்டு போனவங்கள்" என்றார் அந்த மனிதர். நான் "பிரதர்" என்றேன். வக்கீல் எழுதிக்கொண்டார். அடுத்த வரிக்குப் போய்விட்டோம்.

நாலு மாதம் கழித்து நேர்காணல். அதிகாரியின் மேசையில் இரண்டு காகிதங்கள். ஒன்று நாங்கள் எழுதிய வாக்குமூலம். இன்னொன்று வந்து இறங்கிய வாரத்தில் அவரே நிரப்பிய குடும்ப விவரப் படிவம். அதில் உடன்பிறந்தவர்கள் என்ற இடத்தில் இரண்டு தங்கைகளின் பெயர் மட்டும் இருந்தது. சகோதரரைப் பிடித்துப் போனதாகச் சொல்கிறீர்கள், உங்களுக்குத்தான் சகோதரரே இல்லையே என்று கேட்டிருக்கிறார் அதிகாரி. இவர் வெள்ளந்தியாக, "ஓம், கூடப்பிறந்த ஆம்பிளைப்பிள்ளை எனக்கு இல்லை. அவர் பெரியப்பான்ர மகன்" என்றிருக்கிறார்.

தமிழில் கேட்கிற யாருக்கும் இதில் ஒரு கோணலும் தெரியாது. பெரியப்பா மகனை அண்ணன் என்று கூப்பிடாமல் வேறு என்னவென்று கூப்பிடுவது? ஆனால் மறுப்புக் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், விண்ணப்பதாரர் இல்லாத சகோதரரைப் பற்றிச் சொன்னதாகவும் கேள்வி கேட்டதும் மாற்றிக்கொண்டதாகவும், ஆகவே மற்ற கூற்றுகளையும் அப்படியே ஏற்பதற்கில்லை என்றும் இருந்தது. அந்தப் பக்கத்தை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டியதும் நான்தான். வாசித்துக்கொண்டே வந்தபோதுதான் அது என் சொல் என்று உறைத்தது.

இல்லத்தை நடத்திய ஃபாதரிடம் போய் நின்றேன். அழுகை வரும் நிலையில் இருந்தேன் என்பதை மறைக்கவில்லை. அவர் திட்டவுமில்லை, தேற்றவுமில்லை. ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தி வைத்தார். "மன்னிப்பை அப்புறம் கேட்டுக்கோ. அவர் என்ன சொன்னார், நீ என்ன சொன்னாய், தமிழில் அந்தச் சொல்லுக்கு யாரெல்லாம் அடங்குவார்கள், இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடு. மேல்முறையீட்டுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு." அந்தத் தாள் மேல்முறையீட்டில் இணைப்பாகப் போனது. விசாரணையில் அதை ஏற்றுக்கொண்டார்கள், வழக்கு மறுபடி முதலிலிருந்து நடந்தது. ஆனால் அந்தக் குடும்பம் அதற்காக ஒன்றரை வருடத்தைக் கூடுதலாகக் கொடுத்தது. பெரிய பிள்ளை அதற்குள் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள்.

மறைப்பணி, அதாவது கிறிஸ்தவ ஊழியம், என்றதும் நம் மனதில் வருவது பூசை, பிரசங்கம், பிறகு உணவுப் பொட்டலம். நானும் அப்படித்தான் போனேன். போன பிறகு பார்த்தால் முக்கால்வாசி நேரம் காகிதம். ஃபாதரிடம் ஒருமுறை இதைக் குறையாகவே சொன்னேன். அப்போதுதான் ஜொவான்னி பத்திஸ்தா ஸ்கலப்ரீனியின் கதையைச் சொன்னார். இத்தாலியின் பியாசென்சாவில் ஆயராக, அதாவது பிஷப்பாக, இருந்தவர். மிலான் ரயில் நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில், அமெரிக்கக் கண்டத்துக்குக் கப்பலேறப் போகும் முந்நூறு நானூறு ஏழைகள் கந்தலோடு கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்து தூக்கமிழந்தவர். 1887-இல் அவர்களுக்கென்றே ஒரு துறவற சபையைத் தொடங்கினார். குருக்களை அனுப்பியதோடு நிறுத்தவில்லை. ஆள்பிடிக்கும் ஏஜென்டுகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும் என்று அரசை விடாமல் நச்சரித்தார். ஜெனோவா துறைமுகத்தில் அவர் வைத்த பியெத்ரோ மால்தோத்தி என்ற குரு, பயணிகளைச் சுரண்டிய தரகர்களோடும் விடுதிக்காரர்களோடும் மல்லுக்கட்டியே நாளைக் கழித்தவர். ஸ்கலப்ரீனிக்கு 2022-இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். "டிக்கெட்டைச் சரிபார்க்கிறதும் மறைப்பணிதான்" என்று முடித்தார் ஃபாதர். எனக்கு அன்றைக்கு அது சமாதானமாகப் படவில்லை. பிறகு படத் தொடங்கியது.

அந்த ஒன்பது நாளுக்குப் பிறகு நான் வேலை செய்யும் விதம் மாறியது. இதே மாதிரி வேலைக்குப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உறவுமுறைச் சொல் வந்தால் நிறுத்துகிறேன். அண்ணன், தம்பி, அக்கா, மாமா, சித்தி எதுவானாலும். வக்கீலிடம் ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டு, யார் வயிற்றில் பிறந்தவர் என்று விசாரித்த பிறகே வாயைத் திறக்கிறேன். முதல் சந்திப்பிலேயே ஒரு குடும்ப மரம் வரைந்து, அதன் நகலைக் கோப்பின் மேலேயே குத்திவிடுகிறோம்.

பெயர் அடுத்த தொல்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல்தான். படிவம் குடும்பப் பெயரைக் கேட்கும்போது அப்பா பெயர் அங்கே போய் உட்காருகிறது. மனைவிக்குக் கணவன் பெயர், இல்லையென்றால் அவள் அப்பா பெயர். பிள்ளைகளுக்கு இன்னொன்று. நாலு பேர் உள்ள வீட்டுக்கு மூன்று குடும்பப் பெயர். இவர்கள் உண்மையிலேயே ஒரே குடும்பமா என்று சந்தேகம் வராமல் என்ன செய்யும்? ஒருமுறை ஓர் அலுவலகக் கூடத்தில் ஒரு முதியவரோடு காத்திருந்தேன். ஒலிபெருக்கியில் ஒரு பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. முறை தவறிப்போன பிறகுதான் அது அவருடைய அப்பா பெயர் என்று தெரிந்தது. "அப்பா செத்து முப்பது வருசமாச்சு. இஞ்ச வந்தபிறகு கிழமைக்கு ரெண்டுதரம் அவரைக் கூப்பிடுறாங்கள் தம்பி" என்றார் சிரிக்காமல். அன்றிலிருந்து யாரையும் அலுவலகத்துக்கு அனுப்பும் முன், உங்களை எந்தப் பெயரில் கூப்பிடுவார்கள் தெரியுமா என்று கேட்டு, அவர் கையாலேயே ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

தேதி இன்னும் மோசம். இது தமிழர்களுக்கு மட்டுமான சிக்கல் இல்லை. எத்தியோப்பியக் காலண்டருக்குப் பதின்மூன்று மாதம், நம் கணக்குக்கு ஏழெட்டு வருடம் பின்னால் ஓடும். அவர்களுடைய பகல் நேரக் கணக்கு சூரிய உதயத்தில் தொடங்குகிறது. அவர்கள் பகல் இரண்டு மணி என்றால் நமக்குக் காலை எட்டு. ஆப்கானியர்கள் பழகிய சூரிய வருடம் மார்ச்சில் பிறக்கிறது. 1394 என்று ஒருவர் சொன்னால் அது 2015 மார்ச்சிலிருந்து 2016 மார்ச் வரை எந்த நாளாகவும் இருக்கலாம். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி 1 என்று பதிந்துவிடுவதால், ஆண்டின் முதல் நாளில் பிறந்தவர்கள் எங்கள் இல்லத்தில் எப்போதும் ஒரு பட்டாளமே இருப்பார்கள். மொழிபெயர்ப்பவர் செய்யக்கூடாதது, தானே மனக்கணக்குப் போட்டு ஒரு தேதியைச் சொல்லிவிடுவது. அவர் சொன்னதை அவர் காலண்டரிலேயே எழுதி, பக்கத்தில் மாற்றிய தேதியைத் தனியாக எழுதுங்கள். தேதியே நினைவில்லை என்றால் அப்படியே எழுதுங்கள். "மழை தொடங்கி ரெண்டு கிழமை இருக்கும்" என்பது நல்ல பதில். அதை அக்டோபர் 15 ஆக்குவது நாம் செய்கிற பொய்.

ஒரே மொழி என்று மிதப்பாக இருந்துவிடவும் முடியாது. ஓர் அம்மா "நாங்கள் ஆறுதலாத்தான் வெளிக்கிட்டனாங்கள்" என்றார். என் காதில் ‘ஆறுதல்’ என்பது தேறுதலாக விழுந்தது. யாழ்ப்பாணத் தமிழில் அது அவசரமில்லாமல், மெதுவாக என்று பொருள். உயிருக்குப் பயந்து ஓடியவர் எதற்கு மெதுவாகக் கிளம்பினார் என்ற கேள்வி அடுத்து வரும், அதற்கு அவரிடம் பதில் இருந்தது. படுத்த படுக்கையான மாமியாரைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நான் தேறுதல் என்று போட்டிருந்தால் அந்தக் கேள்வியும் வந்திருக்காது, அந்த மாமியாரும் கோப்பில் வந்திருக்க மாட்டார். விவிலியத்தில் நீதித்தலைவர்கள் நூலில், ‘ஷிபொலேத்’ என்ற சொல்லைச் சரியாக உச்சரிக்கத் தெரியாதவர்களை ஆற்றங்கரையில் பிடித்துக் கொல்கிற பகுதி உண்டு. சின்ன வயதில் அதை ஏதோ பழங்கதையாகத்தான் கேட்டேன்.

பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். மூன்றே மாதத்தில் அவர்களுக்குப் புது மொழி வந்துவிடுகிறது, கையருகில் இருக்கிறார்கள், சுலபம். ஆனால் அம்மாவுக்கு நடந்ததைப் பத்து வயது மகன் தன் வாயால் இன்னொருவரிடம் சொல்ல வேண்டி வரும். அப்படி ஒருமுறை பாதியில் நுழைந்து நிறுத்தியிருக்கிறேன். அந்தப் பையன் அதற்குள் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டிருந்தான். பெண்களுக்குப் பெண்களே மொழிபெயர்ப்பது நல்லது. ஒரே ஊர்க்காரர் மொழிபெயர்த்தால் சிலர் வாயே திறக்கமாட்டார்கள். என்னைப் பார்த்ததும் பலர் முதலில் கேட்பது "நீங்கள் எந்த இடம்?" என்றுதான். குசலம் விசாரிக்கிறார்கள் என்று நெடுநாள் நினைத்தேன். நான் யார் பக்கத்து ஆள் என்று பார்க்கிறார்கள்.

கடிதம் வந்தால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள் என்பதைச் சுவரில் ஐந்து மொழியில் ஒட்டியிருக்கிறோம். மேல்முறையீட்டுக்கான கெடு, கடிதம் கைக்கு வந்த தேதியிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்றால், அதற்கு அத்தாட்சி அந்த உறைதான்.

இனி ஒரு சங்கடமான விஷயம். 1951 அகதிகள் உடன்படிக்கை ஐந்து காரணங்களைத்தான் ஒப்புக்கொள்கிறது: இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது, அரசியல் கருத்து. பசி அதில் இல்லை. கடனும் இல்லை. பசியால் வந்தவரும் அதே படகில்தான் வந்திருப்பார், அதே நடுக்கத்தோடு. திருச்சபை ஆவணங்கள் இந்தக் கோட்டை இவ்வளவு இறுக்கமாகப் போடுவதில்லை. 1952-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் வெளியிட்ட ‘எக்ஸுல் ஃபமீலியா’ என்ற ஆவணம் எகிப்துக்கு ஓடிய நாசரேத்துக் குடும்பத்தையே எல்லா அகதிகளுக்கும், புலம்பெயர்ந்தோருக்கும் முன்மாதிரியாக வைத்துத்தான் தொடங்குகிறது. இல்லத்தின் வாசலில் யாரும் உங்கள் காரணம் ஐந்தில் எது என்று கேட்பதில்லை. ஆனால் அலுவலகத்தில் கேட்பார்கள். அப்போது நல்ல மனசுக்காரர்களான தன்னார்வலர்களுக்கு ஓர் ஆசை வரும்: கதையில் கொஞ்சம் சேர்த்துச் சொன்னால் என்ன? எனக்கும் வந்திருக்கிறது. வேண்டாம். ஒரு பொய் பிடிபட்டால் பத்து உண்மை அதோடு போய்விடும் என்பதை ‘அண்ணன்’ விஷயத்தில் பார்த்தேன். அங்கே பொய்கூட இல்லை.

திருமுழுக்கு (ஞானஸ்நானம்) கேட்டு வருகிறவர்கள் இதோடு சேர்ந்தவர்கள். மதம் மாறினால் வழக்கு பலப்படும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். உண்மையான தேடலோடு வருகிறவர்களும் உண்டு. ஒரே ஆளிடம் இரண்டும் கலந்தும் இருக்கும், நம் எல்லாரையும் போல. எங்கள் ஃபாதர் இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் சொல்வார்: திருமுழுக்குத் தயாரிப்பு ஒரு வருடத்துக்குக் குறையாது, வழக்கின் தேதிக்காக அது முன்னே நகராது. அலுவலகத்துக்குக் கடிதம் கேட்டால் எழுதிக் கொடுப்பார். அதில் எந்த மாதத்திலிருந்து வகுப்புக்கு வருகிறார், எத்தனை முறை வந்தார் என்பது மட்டும் இருக்கும். இவருடைய விசுவாசம் உண்மையானது என்ற வரி இருக்காது. "உள்ளே இருப்பதை நான் பார்க்கவில்லையே" என்பார். சிலர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். வகுப்புக்கு வராத முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் படுக்கையோ வக்கீலோ ஒரு நாள் தள்ளிப்போனது கிடையாது. அது பிசகினால் இந்த இல்லத்தையே மூடிவிடலாம் என்பது அவர் கட்சி, என் கட்சியும்.

பேசுவதைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பேசாமல் இருப்பதும் பாதி வேலை. எல்லை காவலர், மருத்துவர், பதிவு அலுவலர், வக்கீல், நேர்காணல் அதிகாரி என்று ஒருவர் தன் கதையை ஆறேழு முறை சொல்லிவிட்டுத்தான் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வருகிறார். அங்கே உட்கார்ந்து "எப்படி வந்தீங்க?" என்று நாமும் ஆரம்பித்தால் எட்டாவது விசாரணை. சாப்பாட்டு மேசையில் கடந்த காலத்தைப் பற்றிக் கேள்வி கிடையாது என்பது இல்லத்தின் எழுதாத சட்டம்.

ஓர் இளைஞன் மூன்று வாரம் யாரோடும் பேசாமல் இருந்தான். சட்டைக்குள், வயிற்றோடு ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் உறை வைத்திருப்பான். குளிக்கும்போதுகூட அதைக் கண்ணில் படுகிற இடத்தில் தொங்கவிட்டுக்கொள்வான். ஒருநாள் பொதுக்கூடத்துக் கதவின் கீல் கழன்று தொங்கியது. நான் திருப்புளியை வைத்துத் திண்டாடிக்கொண்டிருந்தேன். அவன் வந்து என் கையிலிருந்து அதை வாங்கினான். திருகு ஏறாத ஓட்டையில் தீக்குச்சி ஒன்றை உடைத்துச் செருகி, மேலே திருகை ஏற்றினான். கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. நான் கைதட்டினேன். மறுநாள் ஜன்னல் கொக்கி, அதற்கடுத்த நாள் மேசைக்கால். அதிலிருந்து இரண்டாவது வாரக் கடைசியில் உறையை எடுத்து என் முன்னால் வைத்தான். எட்டாக மடித்த ஒரே தாள். மடிப்பு விழுந்த இடத்திலெல்லாம் மை வியர்வையில் கரைந்து, எழுத்து போய் வெள்ளைக் கோடுகள் மட்டும் இருந்தன. பிரித்துப் பார்க்க நான் கை நீட்டவில்லை. அவனே பிரித்தான். அது ஒரு பள்ளிச் சான்றிதழ். அதில் வழக்குக்கு உதவுகிற எதுவும் இல்லை. ஆனாலும் நகல் எடுத்து, மூலத்தை மடிக்காமல் வைக்க ஓர் அட்டைக்கோப்பு கொடுத்தோம்.

அகதிகளோடு இருப்பதைப் பற்றி இயேசு சபை அகதிகள் பணியில் ‘உடனிருத்தல்’ என்று முதலில் சொல்வார்கள். வியட்நாமிலிருந்து படகில் தப்பி வந்த மக்களின் நிலை கண்டு, அப்போது இயேசு சபையின் தலைவராக இருந்த பேத்ரோ அருப்பே 1980-இல் தொடங்கிய அமைப்பு அது. உடனிருத்தல், சேவை, உரிமைக்குக் குரல் கொடுத்தல் என்று அதே வரிசையில் வரும். ரொம்ப நாள் அந்த முதல் சொல்லை வெறும் அலங்காரமாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆறு மணி நேரம் ஓர் அலுவலகத்தில் ஒருவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, "நாளைக்கு வாங்க" என்று அனுப்பியதும் சேர்ந்து நடந்து திரும்பிய அன்றைக்குத்தான் அலங்காரம் உதிர்ந்தது.

நான் விட்டொழித்த ஒரு வாக்கியம் உண்டு: "நான் பார்த்துக்கறேன், கவலைப்படாதீங்க." நமக்கு அது உபசார வார்த்தை. எதிரே இருப்பவருக்கு அது வாக்குறுதி. முடிவு இன்னொருவர் கையில் இருக்கும்போது எனக்கு அதைச் சொல்ல என்ன தகுதி? இப்போது, திங்கட்கிழமை வக்கீலுக்குப் போன் செய்வேன், செவ்வாய் மாலை உங்களிடம் சொல்வேன் என்கிறேன். பதில் கிடைக்காவிட்டாலும் செவ்வாய் மாலை போன் செய்து, பதில் இல்லை என்று சொல்கிறேன்.

சொந்தக் காசைக் கடனாகக் கொடுப்பதில்லை. முன்பு ஒருவருக்குக் கொடுத்தேன். அவரைப் பார்த்தால் எனக்கு ஒன்றுமில்லை. அவர் என்னைப் பார்த்ததும் வேறு வாசல் வழியாகப் போகத் தொடங்கினார். ஒரு வருடத்து உறவு அப்படிப் போயிற்று. இது கல்நெஞ்சம் மாதிரி கேட்கும். கேட்கட்டும்.

போன சனிக்கிழமை ஒரு பெண் வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். வக்கீல் கேட்டார், இவர் சொன்னார்: "அண்டைக்கு இரவு மாமா வந்துதான் ‘உடனே வெளிக்கிடுங்கோ’ எண்டு சொன்னவர்."

வக்கீல் பேனாவோடு என்னைப் பார்த்தார். நான் தாளைத் திருப்பி வைத்து நடுவில் ஒரு வட்டம் போட்டேன். "இது நீங்கள் அக்கா. மாமா எண்டால் ஆர்? அம்மாவின்ர தம்பியா? அத்தையின்ர கணவரா? இல்லை, உங்கட மாமனாரா?"

அவர் வட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கைப்பையைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன.

"சொந்தமொண்டும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர். பிள்ளையள் மாமா எண்டுதானே கூப்பிடுங்கள், நாங்களும் அப்பிடியே பழகிட்டம்."

வட்டத்துக்கு வெளியே, கொஞ்சம் தள்ளி, ஒரு சின்ன வீடு வரைந்தேன். பிறகு வக்கீலிடம் திரும்பிச் சொன்னேன்.